பஞ்சாயத்தும் பஸ் சீட்டும்

இன்று உத்திரமேரூர் பஸ்ஸில் எனக்கு சீட் கிடைத்தது. பக்கத்தில் நின்றவர், எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்பு சொல்லும் பெரியவர். அங்கே அவருக்கு நாற்காலி. எங்கள் தெருக்காரர்கள் நின்றுதான் பேச வேண்டும்.

“ஆராய்ச்சி பண்ண உனக்கு ஃபெல்லோஷிப் கெடச்சிகீதாமே. இன்னாம்மா அது?”

“பிளாக்செயின்னு, பல கம்ப்யூட்டருங்க சேந்து வெச்சிக்கிற பதிவேடு. அதுல பஞ்சாயத்துங்க. தீர்ப்பு சொல்றவங்கள கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு எடுக்கும். எந்தத் தெரு ஆளு கேஸுன்னு அவங்களுக்குத் தெரியாது. தீர்ப்ப அப்பால யாரும் மாத்தவும் முடியாது.”

“அப்ப நாட்டாமை?”

“கிடையாதுங்க.”

“நம்ம ஊருக்கு அதெல்லாம் சரிப்படாது” என்றவர், நான் எழுந்துகொள்வேன் என்று சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி காத்திருந்தார்.

நான் இறங்க வேண்டிய மானாம்பதி வரை எழவில்லை.

வயதானவருக்கு இடம் கொடுக்கக் கூடாதா என்று கேட்க வருபவர்கள், என் அப்பாவுக்கு அவர் ஒருநாளாவது நாற்காலி போட்டாரா என்று விசாரித்துவிட்டு வந்து கமெண்ட் போடுங்கள்.