சரி டாக்டர்

தொழிற்சாலைப் பெண்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்கு என்னிடம் சேர்ந்த கவிதா, நான் எதைத் திருத்தினாலும் "சரி டாக்டர்" என்பாள். ஆய்வோ நகரவில்லை. விட்டுவிடலாமா என்றுகூடக் கேட்டாள்.

தீபாவளிக்கு எல்லாரையும் வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கும் திறந்த இல்ல உபசரிப்புக்குக் கூலிம் நகரில் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவள் குரல் கேட்டது.

"நீங்க சொல்றது தப்புலா மாமா. நைட் ஷிப்ட் பொம்பளைங்ககிட்ட நான்தானே பேசுனேன்?"

தொழிற்சாலையில் சூப்பர்வைசரான தாய்மாமனிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த சந்திப்பில் என் திருத்தங்களை அவளிடம் நீட்டினேன்.

"இதை உங்க மாமா எழுதுனதா நெனச்சிப் படிம்மா."

படித்தாள். தயங்கினாள்.

"அந்தப் பொம்பளைங்க இப்படிச் சொல்லவே இல்ல டாக்டர்," என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

அதுவரை நான் அவளைப் பழக்கியிருந்தது தலையாட்டத்தான். அன்று "சரி" என்றது நான்.