மாடி வீட்டு நிலையில் இருந்த பித்தளைக் கூடு

நான்கு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை நேரம். ஓசூரில் எங்கள் வீட்டு மாடியில் கொங்கண் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் குடியிருந்தார்கள். கணவருக்கு சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அந்த அம்மா வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது விளக்கேற்றுவார், சனிக்கிழமை அடுப்பு பற்றவைக்க மாட்டார். யூதர்கள் என்று வீடு பார்க்க வந்தபோதே சொன்னார்கள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்போது ஆறு வயதான என் மகளுக்கு டெங்கு வந்தது. என் கணவர் வெளியூரில். அந்த அம்மாதான் தங்கள் காரில் எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ரத்தத் தட்டணுக்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போயின. மூன்றாம் நாள் காலை அவர் என்னிடம், “நீ போம்மா. குளி, சாப்பிடு. பாப்பா கிட்ட நான் இருக்கேன்” என்றார்.

வீட்டு வாசலிலேயே பக்கத்து வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள்.

“டெங்கு ஊருக்கே வருது. உன் புள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி ஆவுது? மேல் வூட்டு வாசல் நிலையில சாய்வா ஒண்ணு அடிச்சு வெச்சிருக்காங்களே, அது என்னான்னு கேட்டியா?”

மாடிக்குப் போனேன். சுட்டுவிரல் நீளத்தில் ஒரு பித்தளைக் கூடு. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துப் பிரித்தால், உள்ளே சுருட்டிய தோல் துண்டில் புரியாத எழுத்துகள். கூட்டோடு கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டுக் குளித்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் என் மகளுக்கு இளநீர் புகட்டிக்கொண்டிருந்தார்.

அன்றே அவர் வாசல் நிலை வெறுமையாக இருப்பதைப் பார்த்திருப்பார். ஆனால் மகள் தேறி வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. வந்த மறுநாள் கீழே வந்து, “அது நீ எடுத்தியா?” என்றார். மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“எங்க ஆளுங்க கப்பல் உடைஞ்சு அந்தக் கரையில ஒதுங்குனவங்கன்னு சொல்வாங்க. செக்கு ஆட்டி எண்ணெய் வித்தாங்க. பாஷை போச்சு, புஸ்தகம் போச்சு. ஒரே ஒரு பிரார்த்தனை மட்டும் மறக்கல. அதுதான் அதுல எழுதியிருந்துச்சு. எங்க கிராமத்துல எல்லா ஜாதியும் இருந்தாங்க. யாரும் அதைத் தொட்டதில்ல.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் படியேறிவிட்டார்.

அடுத்த மாதம் காலி செய்தார்கள். கம்பெனி பெங்களூருக்கு மாற்றிவிட்டதாக அவர் கணவர் சொன்னார். இரண்டு மாதம் கழித்து உழவர் சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர்கள் பெங்களூருக்குப் போகவில்லை, குடியிருப்பது எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் என்று பிறகு தெரிந்தது. “பாப்பா நல்லா இருக்காளா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் செய்துவிட்டேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன், அவர்களும் தலையாட்டினார்கள். ஆனால் அது என்னவென்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடியவர், அந்த நேரத்தில் என் மகளின் கட்டிலருகில்தான் உட்கார்ந்திருந்தார் என்பதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போது எந்தச் சமாதானமும் நிற்பதில்லை.