சீட் அக்காவும் என் கல்யாணமும்

சீட் அக்கா போய்விட்டார்.

நேற்றுப் பின்னேரம் நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். அவரின் கணவர் செல்வம் அண்ணன்தான் போனில் சொன்னார். இப்போது அவர்கள் வீட்டு வாசலில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. அக்காவை நினைத்தால் சிரிப்புத்தான் முந்துகிறது.

புஷ்பம் என்ற பெயர் பலருக்குத் தெரியாது. கண்டியில் பைக்கை மாற்றிக் கட்டி ஓட்டுகிறவர்களிடம் "சீட் அக்கா" என்று கேளுங்கள், வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். சிங்களப் பொடியன்களுக்கு "சீட் அக்கே".

பேராதனையில் நானும் அவரும் ஒரே ஆஸ்பத்திரி. அவர் தாதி, நான் எக்ஸ்ரே. டியூட்டி முடிந்ததும் குண்டசாலை வீட்டுக் குசினியில் உட்கார்ந்து, பைக் சீட்டுக்குத் தோலில் பூ செதுக்கத் தொடங்கிவிடுவார்.

பிசினஸாகச் செய்யலாமே அக்கா என்றால் முறைப்பார். "வெளையாட்ட வேலையாக்கச் சொல்றீங்களா தம்பி?"

அம்மியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஈரத்தோலை விரிப்பார். கத்தியால் கோடு கீறி, குட்டிக் குட்டி இரும்பு அச்சுகளை வைத்து டொக் டொக் என்று தட்டுவார். அந்தூரியம் பூக்கள் ஒவ்வொன்றாக மேலெழும்பி வரும்.

அம்மி சும்மா இல்லாதபடியால் அந்த நாட்களில் வீட்டில் சம்பல் கிடையாது. செல்வம் அண்ணன் பாணும் பருப்புமாகவே காலம் தள்ளிய மனுஷன்.

சீட் முடிந்ததும் டெஸ்ட். ஸ்டூலின் மேல் சீட்டைக் கட்டி, அதில் ஏறி உட்கார்ந்து டிவியில் ஒரு சீரியல் முழுவதும் பார்ப்பார். நடுவில் ஒருமுறை நெளிந்தாலும் சீட் பெயில். பிரித்து, ஸ்பொஞ்சை மாற்றி, மறுநாள் அடுத்த எபிசோட்...

கதாநாயகி என்ன அழுகை அழுதாலும் நாங்கள் அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

பழைய பைக் ஒன்றை வாங்கி, டேங்க் மாற்றி, ஹேண்டில் மாற்றி, ஆசை ஆசையாகக் கட்டிய நேரம். தர்ஷினியிடம் என்னைக் கட்டுவீரா என்று கேட்க வேண்டும். அவள் மலையகத்துப் பிள்ளை, ஹுன்னஸ்கிரியவில் டீச்சர்; நான் யாழ்ப்பாணத்தான். கேட்கும் தைரியம் மட்டும் வரவில்லை. பைக்கே கேட்கட்டும் என்று, சீட்டில் அவள் பெயரைச் செதுக்கித் தரச் சொன்னேன்.

"பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றார் அக்கா.

"இல்லையக்கா, சர்ப்ரைஸ்."

"செய்யச் சொன்னா செய்றேன்... அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது."

என்ன அழகு தெரியுமா! அந்தூரியம் பூக்களுக்கு நடுவில் 'தர்ஷினி'. கொண்டுபோய்க் காட்டினேன். அவள் முகம் சிவந்தது. வெட்கம் என்று நினைத்த மடையன் நான்.

"எம் பேரு மேல குந்திக்கிட்டு ஊரெல்லாம் சுத்தப் போறீங்களா?"

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. மெசேஜுக்கு நீல டிக் மட்டும்...

உலகமே இருண்டு போய் அக்காவிடம் ஓடினேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, "சீட்டக் கழட்டுங்க" என்றார்.

பெயர் இருந்த தோலை வெட்டி எடுத்து, பெட்ரோல் டேங்கின் மேல் என் கண்ணுக்கு நேரே ஒரு பட்டியாகப் பதித்தார். பின்னால் உட்காருபவருக்குப் புதிதாக ஒரு சீட். அதில் கொட்டை எழுத்தில் என் பெயர், 'நிரோஷன்'.

"வாங்க, நானே வர்றேன்" என்று ஞாயிற்றுக்கிழமை என் பின்னால் ஏறினார். ஊருக்கெல்லாம் சீட் செய்த மனுஷி பைக்கில் ஏறியதே அன்றுதான் முதல் தடவை!

தெல்தெனியா தாண்டி ஒவ்வொரு வளைவிலும் "முருகா... முருகா..." என் ஷேர்ட் கிழியாதது அதிசயம். இறங்கியதும் சொன்னார்: "சீட்டு நல்லாத்தான் இருக்கு. நீங்க ஓட்டுறதுதான் சரியில்ல."

தர்ஷினி வாசலுக்கு வந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து பின் சீட்டைக் காட்டினார்.

"இந்தா பாரு, இது அவரு பேரு. ஆச தீரக் குந்து."

தர்ஷினி எழுத்தைத் தடவிப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள் பாருங்கள்... அங்கேயே நிச்சயமாகிவிட்டது என் கல்யாணம்.

அக்கா பஸ்ஸில்தான் வீடு திரும்பினார். "நானும் ஏறுனா அவ எங்க குந்துவா?"

இன்று காலை இங்கே வருவதற்கு அதே பைக்கை எடுத்தேன். தர்ஷினி ஏறவில்லை. பின் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத்தன வருஷமும் உங்க பேருன்னுதான் குந்துனேன். இன்னைக்கு அக்காவோட கைதான் தெரியுது... எப்படிங்க குந்துறது?"

பைக்கை ஸ்டார்ட் செய்தேன்.

"ஏறுமப்பா" என்றேன். "நீர் பஸ்ஸில வந்தா அக்கா ஏசுவா."

அழுதுகொண்டே ஏறினாள். குண்டசாலை வரை அவள் முகம் என் முதுகில் இருந்தது.

போயிட்டு வாங்கோ அக்கா... உங்கள் வாசலில் இன்று பைக் நிறுத்த இடமில்லை.