பங்குக் கிணறும் மொடல் மிஸ்ஸும்

“இந்தக் காணியைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன?” கணினித் திரையில் அந்தக் கேள்வியைக் கண்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கட்டட ஆலோசனைக் கந்தோரில் இருபது வருடமாகப் படம் வரைந்தவள் நான். கட்டடத்தை முதலில் கணினிக்குள் மொடலாக முழுசாகக் கட்டிப் பார்க்கும் முறைக்கென்று, பணிப்பாளர் நெல்லியடியிலிருந்து ஒரு பொறியியலாளரை எடுத்தார். நாங்கள் அவளுக்கு ‘மொடல் மிஸ்’ என்று பெயர் வைத்தோம். எங்கள் தலைக்குள் இருப்பதையெல்லாம் படிவத்தில் எழுதிப் பொதுவில் வைக்க வேண்டும் என்றாள். ஆறு கடக்கும் வரைதானே அண்ணன் தம்பி? எழுதிக் கொடுத்த மறுநாள் கறிவேப்பிலை மாதிரி எடுத்து எறிந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவள் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தால்கூட, எதைக் கறக்க வருகிறாள் என்றுதான் பார்ப்பேன்.

புத்தூரில் கலியாண மண்டபம் ஒன்று கட்ட இருந்தோம். காணியை அளக்கப் போனவள் நான். பின்மதிலுக்கு அப்பால், மதிலோடு ஒட்டினாற்போல, மூன்று குடும்பங்களின் பங்குக் கிணறு இருந்தது. அதில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். எங்கள் காணிக்குள் இல்லாததால் அது படத்தில் வராது. படிவத்தில் “கிணறு” என்று எழுதினேன். பிறகு, கெட்டிக்காரிதானே, அவளே கண்டுபிடிக்கட்டும் என்று அழித்துவிட்டு “ஒன்றுமில்லை” என்று போட்டேன்.

மண்டபத்தின் மலக்குழியை அவள் அந்த மதிலோரத்தில் வைத்தாள். எங்கள் சுண்ணக்கல் நிலத்தில், குழிக்குள் விடுவது கிணற்றுக்கு வர எத்தனை நாள் செல்லும்? குழி வெட்டத் தொடங்கியதும் அந்தக் கிணற்றுக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி கந்தோருக்கே வந்துவிட்டாள்.

“உங்கடை கலியாணத்துக்கு எங்கடை பிள்ளையள் பீத்தண்ணி குடிக்கிறதோ?”

என்னை அடையாளம் கண்டுவிடுவாள் என்று உள்ளறைக்குள் புகுந்துகொண்டேன். குழியை மூடினார்கள். பழி மொடல் மிஸ்ஸின் தலையில் விழுந்தது, வேலையும் போனது. நான் வாய் திறக்கவில்லை.

போகிற அன்று என் மேசைக்கு வந்து கணினியைக் காட்டினாள்.

“அக்கா, நீங்கள் கிணறு எண்டு எழுதிப்போட்டு அழிச்சது உதுக்குள்ளை கிடக்கு. அழிச்சாலும் உது வைச்சிருக்கும்.”

கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டேன். “அப்ப ஏன் சேருக்குக் காட்டேல்லை?”

“நேரை போய்ப் பாக்காமல் குழி வைச்சது என்ரை பிழைதானே. வாறன் அக்கா.”

அதையும் நான் நம்பவில்லை. என்றைக்காவது என்னை மாட்டிவிடுவாள் என்று மாதக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்று அவளுடைய கதிரையில் நான் இருக்கிறேன். “உம்மை நம்பித்தான் அவவின்ரை வேலையைத் தாறன்” என்று பணிப்பாளர் சொன்னபோது, “ஓம் சேர்” என்று வாங்கிக்கொண்டேன். எனக்குக் கீழே இப்போது நாலு பேர் வேலை செய்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ஒருவரையும் என்னால் நம்ப முடியவில்லை.