மரத்த காலுக்கு ஒரு ஜப்பான் சைக்கிள்

மதுரையில் காளவாசல் தாண்டும்போது வலது கால் செருப்பு கழன்று விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. நாகமலை புதுக்கோட்டை வரை ஒற்றைச் செருப்போடு சைக்கிள் மிதித்துப் போய் இறங்கினேன். அலுவலக வாசலில் இருந்த பியூன் சிரித்தார். "என்னண்ணே, ஒத்தச் செருப்போட வாரீங்க? இன்னொண்ண எங்க விட்டீங்க?" நானும் சிரித்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பல்கலைக்கழகத்தில் எழுத்தராக இருந்தேன்.

இதைப் படிக்கிற யாருக்காவது இப்படிச் செருப்பு கழன்றது தெரியாமல் போயிருந்தால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். நான் எட்டு மாதம் சிரித்துக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே தேமல் போல ஒரு வெளிறிய திட்டு இருந்தது. அரிப்பில்லை, வலியில்லை, அதனால் அதையும் விட்டேன். நடக்கும்போது முன்பாதம் தொங்கித் தரையில் இடற ஆரம்பித்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன்.

மருத்துவர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பேனா முனையால் தொடுவதாகவும், தொட்ட இடத்தை நான் விரலால் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். காத்திருந்தேன். "எப்ப சார் தொடுவீங்க?" என்று கேட்டேன். "நாலு தடவை தொட்டாச்சு" என்றார்.

தொழுநோய் என்று அவர் சொன்னதும் என் மனைவி சரோஜா எங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில், இதைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்றாள். மருத்துவருக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டார். "மருந்து ஆரம்பிச்சுட்டா யாருக்கும் ஒட்டாதும்மா. பயப்படாதீங்க" என்றார். அன்றிலிருந்து தெருவுக்கும் சொந்தபந்தத்துக்கும் எனக்குச் சர்க்கரை வியாதி. கல்யாண வீடுகளில் ஜிலேபியைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டியிருந்தது. ஜிலேபி எனக்கு உயிர்.

கூட்டு மருந்து (மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தரும் சிகிச்சை) இரண்டு வருடம் சாப்பிட்டேன். தோல் கறுத்தது. கிருமி ஒழிந்துவிட்டது என்று சொல்லி மருந்தை நிறுத்தினார்கள். ஆனால் பாதத்தொங்கல் (நரம்பு கெட்டு முன்பாதத்தைத் தூக்க முடியாமல் போவது) அப்படியே இருந்தது. உள்ளங்காலில் போன உணர்வு திரும்பாது, வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று மருத்துவர் படித்துப் படித்துச் சொன்னார். குணமாகிவிட்டது என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எங்கள் காதில் ஏறவில்லை.

மருந்து முடிந்ததும் என்னோடு சேர்ந்து திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றி வருவதாக சரோஜா வேண்டியிருந்தாள். செருப்போடு யாராவது மலையைச் சுற்றுவார்களா? பங்குனி மாதம். கோயிலில் கூட்டம், கிளம்பவே நேரமாகிவிட்டது. உச்சி வெயிலில் தார் ரோட்டில் அவள் ஓரத்து மண்ணைத் தேடித் தேடிக் கால் வைத்தாள். நான் நட்டநடு ரோட்டில் நடந்தேன். சுடவில்லை என்று எனக்குப் பெருமை வேறு. முருகன் துணை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வீட்டுத் தரையெல்லாம் ஈரத் தடம். யார் தண்ணீரைச் சிந்தியது என்று நான்தான் கத்தினேன். சரோஜா குனிந்து பார்த்துவிட்டு, அது தண்ணீர் இல்லை என்றாள்.

வெந்த தோல் உரிந்து, பெருவிரலுக்குக் கீழே பாதக்குழிப்புண் (உணர்வற்ற பாதத்தில் அழுத்தத்தால் ஆழமாகும் புண்) ஆனது. எலும்பு வரை போய்விட்டது. ஒரு துண்டு எலும்பை எடுத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். "இன்னொரு தடவை இந்தக் கால்ல புண் வந்து எலும்புக்குப் போச்சுன்னா, முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியதாயிரும்" என்றார் மருத்துவர். கட்டிலில் கிடந்த ஆறு வாரமும் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டிக்கொண்டவள் மேல் எரிந்து விழுந்தேன். அவள் தலையணையை எடுத்து என் காலுக்கு அண்டக் கொடுத்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

நடையைக் குறைத்து, முடிந்தவரை சைக்கிளில் போகச் சொன்னார்கள். பாதத்தில் உடம்பின் பாரம் முழுதும் விழாது. சொல்வது சுலபம். என் பழைய சைக்கிளின் கனத்துக்கு அந்தக் கால் ஈடுகொடுக்கவில்லை. பெடலிலிருந்து நழுவி விரல்கள் ரோட்டில் உரசின. பஸ்ஸிலோ நெரிசலில் யார் காலை மிதித்தாலும் எனக்குத் தெரியாது.

எங்கள் துறையின் சாமான் அறையில், ஆராய்ச்சிக்கு வந்த ஜப்பான்காரர் ஒருவர் விட்டுப்போன சைக்கிள் வருடக்கணக்காகக் கிடந்தது. மெல்லிய இரும்புக் குழாய்கள், ஆட்டுக்கடாக் கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார், ஒரே துரு. துறைத் தலைவர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பழங்காநத்தத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒச்சுவிடம் கொண்டுபோனேன். ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "இம்புட்டு லேசா இருக்கே. இதுல ஆள் ஏறலாமாண்ணே?"

முதல் நாளே தப்புப் பண்ணினார். நம் ஊர் வண்டியில் பெடல் தண்டைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னை இதிலும் தேடினார். காணவில்லை. துருவில் புதைந்திருக்கும் என்று சுத்தியலால் நாலு போடு போட்டார். அப்படி ஒரு பின்னே அந்த வண்டியில் கிடையாது; திருகி இழுத்துக் கழற்ற வேண்டும் என்பது தண்டில் கீறல் விழுந்த பிறகுதான் தெரிந்தது. அதற்கென்று லேத் பட்டறையில் ஒரு திருகு கடைந்து வாங்கினார். சீட்டுக் கம்பி குழாயோடு ஒட்டிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி ஒன்பதாம் நாள்தான் அசைந்தது. டயர் அளவு மதுரையில் கிடைக்காமல் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. தினசரி ஓட்டத்துக்கென்று நேரான ஹேண்டில்பார், மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினார். நான் தினமும் போய் ஸ்டூலில் உட்கார்ந்து அவசரப்படுத்தினேன். புண்ணுக்காகப் போட்டிருந்த விடுப்பு முடிந்துகொண்டிருந்தது.

பெடல்களின் முன்னால் கம்பிக் கூடும் தோல் வாரும் இருந்தன. பந்தயக்காரர்கள் கால் நழுவாமல் இருக்கப் போடுவது. "இது எதுக்குண்ணே, கால் மாட்டிக்கிட்டா விழுந்துருவீங்க" என்று ஒச்சு கழற்றப் போனார். நான் சும்மா காலை நுழைத்துப் பார்த்தேன். தொங்கிக் கிடந்த முன்பாதம் நிமிர்ந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கழற்ற வேண்டாம் என்றேன்.

முதல் முறையாக அலுவலகம் வரை போய்த் திரும்பிய அன்று மாலை சரோஜா பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரல் ஓரம், கம்பி அழுத்திய இடத்தில் சிவந்து கன்றியிருந்தது. இன்னும் இரண்டு நாள் ஓட்டியிருந்தால் கால் போயிருக்கும். என்னைத் தூக்கி நிறுத்திய கம்பியே காலை எடுத்துவிடும் போலிருந்தது.

சிவப்பு வடிந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒச்சுவிடம் போனேன். சர்க்கரை வியாதிக்காரனுக்குப் புண் ஆறாது, கம்பியைக் கொஞ்சம் அகட்டிக் கொடுங்கள் என்றேன். அவர் கம்பியைப் பார்க்கவில்லை. என் காலில் இருந்த கறுப்புச் செருப்பைப் பார்த்தார். உணர்வற்ற பாதத்துக்கென்று மருத்துவமனைத் தொழுநோய்ப் பிரிவில் தரும் பஞ்சு ரப்பர் செருப்பு அது.

"இந்த ரப்பர்ல பழைய துண்டு வீட்ல கெடந்தா கொண்டாங்கண்ணே. கூட்டுக்கு உள்பக்கம் ஒட்டித் தாரேன். எங்க சித்தப்பனுக்கும் இதே சர்க்கரைதான்."

அவர் எழுந்து, தான் குடித்துக்கொண்டிருந்த டீயில் பாதியை இன்னொரு கிளாசில் ஊற்றி என்னிடம் கொடுத்தார்.

இப்போது தினமும் ஓட்டுகிறேன். வழியில் விராட்டிபத்தில் ஒரு முறை நிறுத்தி, வாரைத் தளர்த்தி, காலை வெளியே எடுத்துப் பார்க்கிறேன். அலுவலகத்தில் ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. அடுத்த வருடம் என்று யாராவது பேசினால் என் மனம் அங்கே போவதில்லை. ஒரு முறை பார்த்ததற்கும் அடுத்த முறை பார்ப்பதற்கும் நடுவில் இருப்பதுதான் எனக்குக் காலம். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

புண் வருவதற்கு முன் அந்த இடம் சுடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதனால் மாலையில் வந்ததும் சரோஜா தன் புறங்கையை என் உள்ளங்காலில் வைத்துப் பார்ப்பாள். நேற்றும் வைத்தாள். "சூடு இல்லை" என்றாள். அவள் கை அங்கே இருப்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எடுக்காதே, கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன்.