வாசல்வரை மட்டும் போன பெட்டி

பழைய டிரங்குப் பெட்டிக்கு இன்று இருக்கும் மவுசைப் பார்த்தால், நாமும் கொஞ்சம் துருப்பிடித்துப் பார்க்கலாமா என்று ஆசை வருகிறது. ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் வளர்ந்தபோது, சூட்கேஸ் வாங்க வக்கில்லாதவர்கள் வைத்திருப்பது டிரங்குப் பெட்டி. இப்போது அதன் பெயர் விண்டேஜ். காப்பிக் கடைகளில் அதன்மேல்தான் பலகாரம் வைக்கிறார்கள். சாப்பிடுவதற்கு முன் எல்லோரும் பெட்டியைப் படம் எடுக்கிறார்கள்.

இந்தக் காய்ச்சல் என் தம்பியையும் விடவில்லை. அப்பா போனபிறகு ஆவடியில் வாடகை வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். வேப்பம்பட்டில் அவன் வாங்கிய புது ஃப்ளாட்டுக்கு வந்துவிடச் சொல்லி மாதக்கணக்கில் கெஞ்சினான். அம்மா பிடிகொடுக்கவே இல்லை. போதாக்குறைக்குக் குளியலறையில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டாள். இனியும் அவளைத் தனியாக விட எங்கள் இருவருக்கும் பயமாக இருந்தது.

அப்போதுதான் தம்பிக்கு ஞானம் பிறந்தது. திருமழிசையிலிருந்து அம்மாவோடு சீதனமாக வந்த பெட்டி ஆவடி வீட்டுப் பரண்மேல் கிடந்தது. அவளுக்குத் தெரியாமல் அதை இறக்கித் துருவைச் சுரண்டினான், பெயிண்ட் அடித்தான், மேலே கண்ணாடி போட்டுத் தன் ஃப்ளாட் ஹால் நடுவில் டீப்பாயாக்கினான். பார்த்ததும் அம்மா உருகி, இங்கேயே தங்கிவிடுவாளாம். அழகுக்கு லண்டன், பாரிஸ் என்று ஸ்டிக்கர் வேறு. பாரிஸ் கார்னரைக்கூடப் பார்த்திராத பெட்டி அது. இவ்வளவு கிண்டல் செய்த நானும் அதைத் திறந்து, பழைய அந்துருண்டை வாசனை வந்ததும் கண்கலங்கி நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு துணிப்பையோடு வந்தாள். வந்தவள் பெட்டியைப் பார்த்தாள், தொடவில்லை. மருமகள் அதன்மேல் வைத்த காப்பியை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். எப்படி இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று தம்பி விடாமல் கேட்டான்.

"ஒங்கப்பாவுக்குக் கோவம் வந்தா இத்த இஸ்துகினு வந்து வாசல்ல வெப்பாரு" என்றாள் அம்மா. "பொறந்த ஊட்டுக்குக் கெளம்புன்னு அர்த்தம். நீங்க ரெண்டு பேரும் ஸ்கூலுக்குப் போனப்புறம்தான் வெப்பாரு. நீங்க வர்றதுக்குள்ள நானே உள்ள தூக்கியாந்து வெச்சிடுவேன்."

எங்களுக்குத் தெரியவே தெரியாது. நான் கண்கலங்கி முகர்ந்த பெட்டி அது.

"நீ நடு ஊட்லயே ரெடியா வெச்சிகீற, நைனா."

தம்பி கண்ணாடியை எடுத்துச் சுவரோரம் சாய்த்தான். ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் நானுமாகப் பெட்டியைத் தூக்கி வாசலைத் தாண்டிப் படியிறங்கி, குப்பை வண்டி வரும் இடத்தில் வைத்துவிட்டு வந்தோம்.

திரும்பி வந்தபோது அம்மா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு மருமகளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் துணி வெக்க பீரோ எதுனா கீதாம்மா?"