ஆயுதபூஜைப் படம்

சிவகாசியில் நான் ஸ்டுடியோ வைத்திருந்தபோது, பட்டாசு விபத்தில் கணவரை இழந்த ஒரு அக்கா கெட்டுப்போன மெமரி கார்டைக் கொண்டுவந்தார். படங்களை மீட்டேன். ஒரே மாதிரி தெரிந்த படங்கள் இரண்டிருந்தால், உற்றுப் பார்க்காமல் ஒன்றைக் கம்ப்யூட்டரிலிருந்து அடியோடு அழித்தேன்.

ஆயுதபூஜைக்குப் பட்டாசுக் கம்பெனி வாசலில் எல்லோரும் நிற்கும் படத்தை அக்கா உற்றுப் பார்த்தார்.

“தம்பி, இது அவுக எடுத்தது. அடுத்தது நான் எடுத்தேன், அவுக நின்னாக. அது எங்கன?”

ஒரே மாதிரி என்று நான் அழித்தது அதைத்தான். “கார்டுலயே போயிருக்கும்க்கா, திரும்பப் பாக்குறேன்” என்று பொய் சொன்னேன்.

கார்டை மறுபடி கம்ப்யூட்டரில் போட்டு மீட்டுப் பார்த்தேன். இந்த முறை அந்தப் படம் பாதிதான் வந்தது. அக்காவின் கணவர் முகத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

“முகம் வந்திருச்சே, போதும். நீங்க நல்லா இருக்கணும்” என்று அக்கா கும்பிட்டார்.

முழுசாக வந்த படத்தை அழித்தவன் நான்தான் என்று இன்னும் சொல்லவில்லை. பஜாரில் அவரைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன்.